ஊருக்குள் ஓடும் மாகாணச் சாலையை ஊருக்கே கொடுத்துவிட்டால் என்ன?

வடகரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வணக்கம். போன மாசம் மழை ஓய்ந்த மறுநாள், கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வரும்போது என் பக்கியின் (சின்னச் சரக்கு வண்டி) முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. டயர் போச்சு, ரிம்மும் வளைந்துவிட்டது. செலவு கிடக்கட்டும். குழியை மூடச் சொல்லிப் போன் பண்ணினேன் பாருங்கள், கதையே அங்கேதான் ஆரம்பம்.

முதல் இடத்தில், "அது எங்க ரோடு இல்லைங்க, மாகாணத்தோடது." மாகாணப் பக்கம் கேட்டால், "அந்த இடம் டவுனுக்குள்ள வருது, அங்கேயே கேளுங்க." மறுபடி முதல் இடம். இந்தத் தடவை வேறொருவர், கொஞ்சம் விவரமானவர்: "ரோடு அவங்களோடது, ஓரத்துல போற டிரெயின், அந்த மழைநீர்க் கால்வாய், எங்களோடது. குழி எதுல இருக்கு?" என்றார். குழி இரண்டிலும் இருக்கிறது சார் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

(ஊர் பெயர், ஆபீஸ் பெயர் எதுவும் போடவில்லை. கடை வைத்திருக்கிறேன், பகை வேண்டாம்.)

என் கேள்வி இதுதான். ஊருக்கு வெளியே மாகாணம் வைத்துக்கொள்ளட்டும். ஊருக்குள் கடை, பள்ளிக்கூடம், டாக்ஸி நிறுத்தம், கோவில் என்று தெரு மாதிரியே ஆகிவிட்ட அந்த நாலைந்து கிலோமீட்டரை முனிசிபாலிட்டிக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்களாமே?

ரேட்ஸ் கட்டுறவன்

வேண்டாம். கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், வேண்டாம்.

எங்க தெருவுல விளக்கு எரிஞ்சு எட்டு மாசம். வீட்டு வாசல் ரோட்டையே பார்க்க முடியாதவங்க கையில நெடுஞ்சாலையைக் கொடுத்தா என்ன ஆகும்? ரேட்ஸ் பில்லுதான், அதான் முனிசிபாலிட்டிக்குக் கட்டுற வீட்டு வரி, ஏறும்.

பேரன்1860

என் தமிழ் கொஞ்சம் உடைஞ்ச தமிழ், மன்னிச்சிடுங்க, ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல படிச்சது. ஒரு சந்தேகம். எங்க பக்கம் ரோடு எல்லாத்துக்கும் எம் நம்பர் இருக்கு. எம்1, எம்4. எம்-னா முனிசிபல், ஆர்-னா மாகாணம், என்-னா நேஷனல்னு நான் நினைச்சிட்டு இருக்கேன். அப்போ போர்டைப் பார்த்தாலே யார் ரோடுன்னு தெரிஞ்சிடாதா?

தார்ச்சட்டி

தம்பி பேரன், உங்கள் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பலரும் விழுகிற குழி அது.

பலகையில் இருக்கும் எண் வழி காட்டுவதற்கு மட்டும். பத்திரம் வேறு. ஆர் எண் போட்ட எத்தனையோ சாலை இன்று தேசிய நிறுவனமான சான்ராலின் கையில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து பிரிட்டோரியா போகிற ஆர்21 பாருங்கள்: 2008ல் மாகாணத்திடமிருந்து சான்ராலுக்குப் போனது, பலகை இன்னும் ஆர்21தான். மூன்று மாகாணங்களைத் தொட்டு ஓடும் மொலோட்டோ சாலை, ஆர்573, அதுவும் அப்படித்தான் சான்ராலுக்குப் போனது. டர்பன் இருக்கும் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மாகாணச் சாலையின் சொந்த எண் வேறு: பெரியது பீ, மாவட்டச் சாலை டீ, உள்ளூர்ச் சாலை எல். கிராமப்புறத்தில் சின்னப் பலகையில் பார்த்திருப்பீர்கள். டவுனுக்குள் அதை யாரும் கவனிப்பதில்லை.

வடகரைவாசி ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் கடந்த இருபது வருடமாக நடந்த பெரிய கைமாறல்கள் கீழிருந்து மேலேதான். மாகாணத்தால் பார்க்க முடியவில்லை, சான்ராலுக்குப் போகட்டும் என்று. நீங்கள் கேட்பது மேலிருந்து கீழே. ஆற்றோட்டத்துக்கு எதிர்நீச்சல். தப்பு என்று சொல்லவில்லை.

லெனேசியா அக்கா

எங்க பக்கத்துக் கதையும் கேளுங்க. ஜோகன்னஸ்பர்க்ல வில்லியம் நிக்கல்னு ஒரு ரோடு, 2023ல வின்னி மண்டேலா டிரைவ்னு பேர் மாத்தினாங்க. வடக்குப் பக்கம் அது கே46ங்கிற மாகாணச் சாலை. தெற்கே நகரத்துச் சாலை. ஓட்டுறவனுக்கு ஒரே ரோடு. எங்க கோடு மாறுதுன்னு கேட்டா அங்கேயே குடியிருக்கிறவங்களுக்குத் தெரியாது.

பேர் மாத்த ஒரு கூட்டம் போதும். பொறுப்பு மாத்தத்தான் காசு வேணும். நான் கணக்கு எழுதுறவ, அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

மாகாணத்துக்கு ரோடு பராமரிக்க மத்தியிலிருந்து ஒரு தனி மானியம் வருது. எத்தனை கிலோமீட்டர் ரோடு, எவ்வளவு வண்டி ஓடுது, ரோடு எந்த நிலைமையில இருக்குன்னு பார்த்துத்தான் பிரிக்கிறாங்க. இப்ப வடகரைவாசி ஊர் ரோடு அஞ்சு கிலோமீட்டர் மாகாணப் பட்டியலிலிருந்து கழண்டா, அந்தக் கணக்குல அஞ்சு கிலோமீட்டர் குறையும். குறைஞ்ச காசு அப்படியே முனிசிபாலிட்டி பைக்குள்ள வந்து விழுமா? விழாது. அதுக்குன்னு வழி போட்டு வைக்கல.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல், டீசல்ல பிடிக்கிற பொது எரிபொருள் வரியில ஒரு பங்கு 2009லேர்ந்து முனிசிபாலிட்டிக்குப் போகுது. ஆனா எந்த முனிசிபாலிட்டிக்கு? பெருநகரத்துக்கு மட்டும். நாட்டுல மொத்தம் எட்டுதான். எத்தெக்வினி, அதாவது டர்பன், அதுல ஒண்ணு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் இல்ல, ஸ்டாங்கர் இல்ல. ஆர்102 வெருலம், டோங்காட் தாண்டி ஸ்டாங்கர் போகுது இல்லையா? எத்தெக்வினி எல்லை தாண்டினதும் குவாடுகுசா முனிசிபாலிட்டி. அதே தார், அதே கரும்பு லாரி. ஆனா ஒரு பக்கத்து முனிசிபாலிட்டிக்கு எரிபொருள் வரியில பங்கு உண்டு, இன்னொரு பக்கத்துக்கு இல்ல. அதனால "முனிசிபாலிட்டிக்குக் கொடுங்க"ன்னு ஒரே வாக்கியத்துல சொல்லிட முடியாது. எந்த முனிசிபாலிட்டின்னு முதல்ல கேக்கணும்.

இன்னொண்ணு, ரோடு ஒருத்தரோடது, கடன் வேறொருத்தரோடதுன்னும் ஆகும். இ-டோல், எங்க பக்கத்து நெடுஞ்சாலைச் சுங்கம், ஞாபகம் இருக்கா? 2013 டிசம்பர் 3 ஆரம்பிச்சு 2024 ஏப்ரல் 11 நள்ளிரவோட நிறுத்தினாங்க. ரோடு சான்ராலோடது. ரோட்டை விரிவாக்க வாங்கின கடன்ல 30 சதவீதம் மாகாணத்துத் தலையில. நான் ஒரு நாளும் அந்த பில்லைக் கட்டல, அது வேற விஷயம்.

ரேட்ஸ் கட்டுறவன்

அக்கா சொன்னதத்தான் நானும் சொன்னேன், கோவமா சொல்லிட்டேன்.

மதுரைக்காரன்

மேலிருந்து கீழே சாலையைத் தள்ளுவதில் எங்கள் தமிழ்நாடு ஒரு சாதனையே படைத்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2016 டிசம்பர் 15. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு அரசு இருந்தது. எதிரே வழக்கறிஞர் கே. பாலு. தமிழ்நாட்டில் கடை நடத்துவது யார்? அரசே. டாஸ்மாக். ஆயிரக்கணக்கில் கடை மூட வேண்டிய நிலை.

கடையை நகர்த்துவது கஷ்டம். சாலையை நகர்த்துவது அதைவிடக் கஷ்டம். ஆனால் சாலையின் பெயரை நகர்த்தலாமே! 2017 ஏப்ரலில், ஊருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலையாக மாற்றத் தீர்மானம் போடுங்கள் என்று நகராட்சிகளுக்குச் சுற்றறிக்கை போனது. அப்போது உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நாற்காலியில் இருந்தார்கள். தீர்மானம் போட எவ்வளவு நேரம் ஆகும்? தி.மு.க. நீதிமன்றம் போனது. அப்படிப் பெயர் மாற்றிய சாலைகளில் கடை திறக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத்துக்கு நிறுத்தி வைத்தது. சண்டிகரும் அதே தந்திரத்தைக் கையாண்டது. கடைசியில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் சொல்லிவிட்டது. பிறகு யாருக்கு வேண்டும் சாலை?

அந்தச் சுற்றறிக்கைப் பரபரப்பில் சாலையை யார் பராமரிப்பது, தார் போட நகராட்சிக்கு ஏது காசு என்று கேட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்களும் சில பொறியாளர்களும்தான். எங்கள் மாமா ஒரு நகராட்சியில் பொறியாளர். "நெடுஞ்சாலை வருதுடா, ரோலர் வரல" என்றார். இன்னும் காதில் நிற்கிறது.

பேரன்1860

சாராயக் கடைக்காக ரோட்டுக்கே பேர் மாத்தினாங்களா. ஐயோ. 😂

போர்ட்லாந்து மாப்பிள்ளை

லெனேசியா அக்காவின் தங்கை வீட்டுக்காரர் நான். அக்கா இந்த இழையின் சுட்டியை அனுப்பி "எழுது" என்றார். அக்கா சொன்னால் அப்பீல் கிடையாது.

நான் இருக்கும் ஒரிகன் மாநிலத்தில் 82ஆம் அவென்யூ என்று ஒரு சாலை. போர்ட்லாந்து நகரத்துக்குள் சுமார் 11 கிலோமீட்டர். பெயர் அவென்யூ, சொந்தக்காரர் மாநில நெடுஞ்சாலைத் துறை. நெடுஞ்சாலை எண் 213. இரண்டு பக்கமும் வியட்நாம் உணவகம், பழைய கார் விற்கும் கடை, பேருந்து நிறுத்தம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து போவது சாகசம். நகரம் கேட்டது, மாநிலம் தயாராக இருந்தது, ஆனால் பேச்சு பல வருடம் இழுத்தது. ஏனென்றால் நகரம் சொன்னது ஒன்றே ஒன்று: "சரிசெய்து கொடு, இல்லாவிட்டால் சரிசெய்யக் காசு கொடு."

2021 ஏப்ரலில் ஒரே சந்திப்பில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு பேர் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தார்கள். அதன் பிறகுதான் வேகம். 18.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 15 கோடி மாநிலத்தின் வழியாக, மீதி 3.5 கோடி நகரத்துடையது. 2022ல் சாலை கைமாறியது. விளக்கு, நடைபாதை, கடக்கும் இடம் என்று வேலை நடக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மாநில நெடுஞ்சாலைத் துண்டை நகரத்துக்கு விடும்போது அது நல்ல பழுதுபார்த்த நிலையில் இருக்க வேண்டும்.

தார்ச்சட்டி

மாப்பிள்ளை சொன்ன அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸாஸ் பக்கமும் ஒன்று உண்டு. சான் அன்டோனியோ நகரத்தில் பிராட்வே என்ற சாலையின் ஒரு துண்டை, மூன்றரை கிலோமீட்டர் இருக்கும், மாநிலம் நகரத்துக்குத் தருவதாக ஏற்பாடு. நகர மக்கள் 2017ல் வாக்களித்துக் கடன்பத்திரத்தில் 4.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆறு தடத்தை நாலாக்கி, நடைபாதையை அகலமாக்கி, சைக்கிள் பாதை போட வரைபடம் எல்லாம் தயார். 2022 ஜனவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையம், "தடத்தைக் குறைக்க விட மாட்டோம்" என்று சாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கொடுத்த கை பிடுங்கவும் செய்யும்.

நடுவர்

வெளிநாட்டு உதாரணம் போதும் என்று நினைக்கிறேன். வடகரைவாசி இன்னும் குழியிலேயே நிற்கிறார்.

சட்டப்புள்ளி

தாமதமாக வருகிறேன், நீதிமன்ற வாசலில் இருந்தேன்.

வடகரைவாசி அண்ணா, முதலில் உங்கள் டயர். அரசு அமைப்பின் மீது நஷ்டஈடு கேட்பதாக இருந்தால் 6 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம். யாருக்கு அனுப்புவது என்று தெரியாவிட்டால் இரண்டு பேருக்கும் அனுப்புங்கள். தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டு அவர் பதில் எழுதும் வரை காத்திருந்து 6 மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். சாலை யார் பட்டியலில் இருக்கிறது என்று தகவல் அறியும் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். குழி இருந்தது என்பதாலேயே ஜெயித்துவிட முடியாது. கேப் டவுன் நடைபாதைக் குழி வழக்கில் 2000ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: முனிசிபாலிட்டிக்கு ஒட்டுமொத்த விலக்கும் இல்லை, ஒவ்வொரு குழிக்கும் பொறுப்பும் இல்லை, சூழ்நிலையைப் பார்க்க வேண்டும். அதனால் படம், தேதி, முன்பு யாராவது புகார் செய்த எண், எல்லாம் எடுத்து வையுங்கள்.

இப்போது பெரிய கேள்வி. அரசியல் சட்டத்தின் 5ஆம் அட்டவணையில் முதல் பகுதி மாகாணத்துக்கு: மாகாணச் சாலை. இரண்டாம் பகுதி உள்ளாட்சிக்கு: முனிசிபல் சாலை, தெருவிளக்கு, போக்குவரத்து, வண்டி நிறுத்தம். கட்டிடப் பகுதி மழைநீர் வடிகால் 4ஆம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில், அதுவும் உள்ளாட்சிக்கு. போனில் சிரித்த அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தார் ஒருவருக்கு, தண்ணீர் ஒருவருக்கு. சட்டமே அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறது.

கைமாற்ற வழி உண்டா என்றால், உண்டு. 156ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு: உள்ளூரில் செய்தால்தான் நன்றாக நடக்கும், முனிசிபாலிட்டிக்குத் திறனும் இருக்கிறது என்றால், ஒப்பந்தம் போட்டு வேலையை ஒப்படைக்க வேண்டும். "செய்யலாம்" என்று எழுதவில்லை, "செய்ய வேண்டும்" என்றே எழுதியிருக்கிறது. அப்படி ஒப்படைக்கும்போது காசும் திறனும் கூடவே வர வழி செய்ய வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் முனிசிபல் அமைப்புச் சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சந்து இருக்கிறது. குவாசூலு-நட்டாலில் 2001ஆம் ஆண்டின் மாகாணச் சாலைச் சட்டம். மாகாண அமைச்சர் ஒரு சாலையை மாகாணச் சாலை என்று அறிவிப்பதும், பட்டியலிலிருந்து எடுப்பதும் அந்தச் சட்டத்தின் கீழே. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்? ஊருக்குள் இருக்கும் சாலை, மாகாணத்துடையது இல்லை என்றால் அது முனிசிபல் சாலை. முனிசிபல் சாலை ஏற்கெனவே முனிசிபாலிட்டியின் வேலைதானே! "நாங்கள் புதிதாக எதையும் ஒப்படைக்கவில்லையே, எதற்குக் காசு?" என்று கேட்டுவிடலாம். இது என் வாசிப்பு, எதிர்வாதம் செய்ய இடம் இருக்கிறது. ஆனால் நான் முனிசிபாலிட்டியின் வக்கீலாக இருந்தால் ராத்திரி தூங்க மாட்டேன்.

நூலகம் ஞாபகம் வருகிறது. சட்டப்படி மாகாண வேலை, நடத்துவது முனிசிபாலிட்டி. வருடா வருடம் காசு யார் தருவது என்று அதே ராகம்.

லெனேசியா அக்கா

நூலகம்னு சொன்னீங்களே, வயிறு எரியுது. எத்தனை பட்ஜெட் கூட்டம் பார்த்திருக்கேன் அதுக்கு.

வடகரைவாசி

சட்டப்புள்ளி, நன்றி தங்கச்சி. அறிவிப்பு இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு குறிப்பெண் வந்திருக்கிறது. ஒரே குழிக்கு இரண்டு ஜாதகம்.

ஒன்று கேட்கிறேன் தார்ச்சட்டி சார். காசு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? முனிசிபாலிட்டியிடம் ரோலரும் ஆளும் இருந்தால்?

தார்ச்சட்டி

உட்கார்ந்து எழுத வேண்டிய கேள்வி. டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

தம்பி, குழி எப்படி விழுகிறது என்று பாருங்கள். இந்த நாட்டில் பெரும்பாலான சாலையில் மேலே இருப்பது மெல்லிய தார்ப் பூச்சு, சில இடத்தில் விரல் கனம்கூட இராது. பாரத்தைத் தாங்குவது அது இல்லை, அடியிலே இறுக்கிய ஜல்லியும் கிராவலும். பூச்சின் வேலை ஒன்றுதான்: தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பது. குடை மாதிரி. வெயிலில் தார் காய்ந்து மயிரிழை விரிசல் விடும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். மேலே கரும்பு லாரி ஒன்று போகும், 56 டன் வரை சட்டமே அனுமதிக்கிறது. சக்கரம் அழுத்தும்போது ஈரமான கிராவலிலிருந்து மாவு மாதிரி நுண்மண் விரிசல் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். விரிசலைச் சுற்றி வெளுத்த கறை பார்த்திருப்பீர்கள். அதுதான். அடியில் வெற்றிடம். அடுத்த மழைக்குப் பூச்சு உள்ளே விழும். நீங்கள் டயரோடு விழுவீர்கள்.

ஆக, விரிசலைக் காலத்தில் அடைத்துப் பூச்சைப் புதுப்பித்தால் செலவு கொஞ்சம். சான்ரால் அடிக்கடி சொல்லும் கணக்கு: 3 வருடம் விட்டால் பழுதுபார்க்கும் செலவு 6 மடங்கு, 5 வருடம் விட்டால் 18 மடங்கு. கைமாறலில் இதுதான் சூது. சாலையை விட்டுவிடப் போகிறோம் என்று தெரிந்த பிறகு எந்தத் துறை அதற்குப் பூச்சுப் போடும்? பேச்சு நாலு வருடம் நடந்தால், நாலு வருடம் பூச்சு இல்லாத சாலைதான் வந்து சேரும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் புதுப்புடவை எடுக்காத கதை. (எங்கள் வீட்டில் அப்படி இல்லை, என் மனைவி இதைப் படிப்பார்.)

இப்போது உங்கள் குழிக்கு வருகிறேன். டிரெயின் மேல் இருக்கிறது என்றீர்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் சிறுபாலம், அதன் குழாய், அது சாலையின் உறுப்பு. ஓரத்துக் கால்வாயில் வரும் தண்ணீர் ஊருடையது. சாலை போட்ட நாளில் மேலே கரும்புக்காடு இருந்திருக்கும். மழைத் தண்ணீரை மண் குடித்துக்கொள்ளும், மிச்சம் நிதானமாக வரும். இன்று அங்கே வீடு, கான்கிரீட் முற்றம், கடைகளின் வண்டி நிறுத்தம். அதே மழை, பத்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கி வந்து அந்தப் பழைய குழாயின் வாயில் நிற்கிறது. வீடு கட்ட அனுமதி கொடுத்தவர் முனிசிபாலிட்டி. குழாயைப் பெரிதாக்க வேண்டியவர் மாகாணம். இருவரும் ஒரே வரைபடத்தை விரித்து உட்கார்ந்தால் உண்டு.

2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. 400க்கு மேல் உயிர் போனது. டோங்காட் ஆற்றில் எம்4 பாலம் அறுந்தது. டோங்காட்டில் குடிநீர் நிலையமே போய், குழாயில் தண்ணீர் வர மாதக்கணக்கானது. அந்த மழைக்கு எந்தக் குழாயும் தாங்கியிருக்காது, அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன மழைக்கே அடைத்துக்கொள்ளும் வாய்கள் ஊர் ஊராக இருக்கின்றன.

அதனால் என் பதில்: ஊருக்குள் இருக்கும் துண்டை முனிசிபாலிட்டிக்குக் கொடுக்கலாம், கொடுப்பதுதான் சரி என்றும் நினைக்கிறேன். தண்ணீரும் தாரும் ஒரே கையில் வரும் என்ற ஒரே காரணத்துக்காக. நடைபாதை, வேகத்தடை, கடைக்காரர், டாக்ஸி எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஆனால் கைமாறும் நாளுக்கு முன்பே ஒவ்வொரு சிறுபாலத்துக்குள்ளும் ஒருவர் விளக்கோடு குனிந்து பார்த்து எழுதிய பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாமல் கையெழுத்துப் போடுகிற முனிசிபல் பொறியாளர் என் மாணவராக இருந்தால் காதைத் திருகுவேன்.

ரேட்ஸ் கட்டுறவன்

சார், நீங்க சொல்றது நியாயம். ஆனா குனிஞ்சு பார்க்க அந்த ஆள் எங்க? எங்க ஊர்ல பொறியாளர் நாற்காலி காலியா இருக்கு.

தார்ச்சட்டி

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெருநகரத்தில் ஆள் இருப்பார், சின்ன ஊரில் இருக்க மாட்டார். அங்கே மாகாணமே வைத்துக்கொண்டு, வேலையை மட்டும் காசு கொடுத்து உள்ளூரில் செய்யச் சொல்லலாம். பொறுப்பு மேலே, மண்வெட்டி கீழே. சட்டப்புள்ளிக்குத் தெரியும் அதற்கும் ஒரு பிரிவு.

சட்டப்புள்ளி

238. முகவராகச் செய்வது. நினைத்தால் நாளைக்கே ஒப்பந்தம் போடலாம்.

பேரன்1860

எங்க தாத்தா மேகசின் பாரக்ஸ்ல பிறந்தவர். டர்பன் கார்ப்பரேஷன் ஆளுங்க குடியிருந்த இடம், பாதிக்கு மேல தமிழ், தெலுங்கு. அறுபதுகள்ல எல்லாரையும் சாட்ஸ்வர்த்துக்கு மாத்திட்டாங்க. தாத்தாவோட அப்பா ரோடு கேங். மழை வந்தா ராத்திரியே மண்வெட்டி எடுத்துட்டுப் போவாராம், டிரெயின் வாய்ல குப்பை எடுக்க. "ரோட்டை மழைக்கு முன்னாடி பாக்கணும்டா"ன்னு சொல்வாராம். தார்ச்சட்டி ஐயா எழுதினதைப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அவருக்கு ரோடு யாரோடதுன்னு குழப்பம் வந்திருக்காது, எல்லாம் கார்ப்பரேஷன்தான். சம்பளம்தான் ரொம்ப மோசம்.

அப்புறம் ஒரு சின்ன கேள்வி. காவடி நம்ம ரோட்டைத் தாண்டிப் போகணும். ரோடு கைமாறினா அனுமதி யார்கிட்ட?

லெனேசியா அக்கா

தம்பி, முருகன் மாகாணத்தையும் கேக்க மாட்டார், முனிசிபாலிட்டியையும் கேக்க மாட்டார். நீ ரெண்டு பக்கமும் லெட்டர் கொடுத்துடு.

வடகரைவாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சார் சொன்னபடி குனிந்து பார்த்தேன், மகனும் டார்ச்சோடு வந்தான். குழாயின் வாய் பாதிக்கு மேல் மூடியிருக்கிறது. மண், பிளாஸ்டிக், அதற்கு மேல் பழைய தார்க் கட்டி. போன தடவை ரோடு போட்டபோது மிச்சத்தை அதில்தான் தள்ளியிருக்கிறார்கள். படம் எடுத்து இரண்டு குறிப்பெண்ணுக்கும் அனுப்பினேன்.

நேற்று காலை ஒரு லாரி வந்தது, நாலு பேர். ஒரு மணி நேரத்தில் குழியை மூடிவிட்டார்கள், சதுரமாக வெட்டி, ஓரம் பூசி, அழகாக. யார் அனுப்பியது என்று கேட்டேன். சப்-கான்ட்ராக்டர் என்றார்கள். யாருடைய சப்-கான்ட்ராக்டர்? அது அவர்களுக்கும் தெரியவில்லை.

தார்ச்சட்டி

குழாய் வாயைத் திறந்தார்களா?

வடகரைவாசி

இல்லை சார். காட்டினேன். குழிக்கு மட்டும்தான் ஆர்டராம்.